ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே

எங்கள் சபையில் ஒருவருக்கும் ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது. இருந்தாலும் வருஷம் தவறாமல் அறுப்பின் பண்டிகை கொண்டாடுவோம். ராஜகீழ்ப்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் ஃப்ளாட் வாங்கி வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஜனம், முந்தின நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காய், வாழைத்தார், கரும்பு, நாட்டுக்கோழி என்று வாங்கிவந்து, தாங்களே விளைவித்த மாதிரி பயபக்தியோடு சர்ச் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே கொண்டுவந்து ஏலம் விடுவோம். கொண்டுவந்து வைத்தவர்களே போட்டி போட்டு, வாங்கினதைவிட மூன்று மடங்கு விலைக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் எங்களுக்கு மண்டை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பார்.

அந்த ஏலத்தை வருஷக்கணக்கில் நடத்தியவர் அவர். எல்லோருக்கும் அவர் ஏலக்காரர், எனக்கு மட்டும் கூடப்பிறக்காத அண்ணன். பிறந்தது வளர்ந்தது பல்லாவரம். குரோம்பேட்டையில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க் வேலை. ஏலத்தில் அவர் பக்கத்தில் நின்று பொருளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவது என் வேலை. உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை அதில் மாட்டிவிட்டார்கள். கோழி என் சட்டையில் செய்த அசிங்கங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அண்ணன் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இடது கன்னத்துக்குள் எப்போதும் ஒரு உருண்டை மாவா இருக்கும். பாக்குத்தூள், புகையிலை, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துக் கசக்கின சமாசாரம். தடை போட்ட சரக்கு என்பதால் கேம்ப் ரோட்டுப் பெட்டிக்கடைக்காரர் அதை ஸ்வீட் என்று சொல்லித்தான் கொடுப்பார். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசவும் வேண்டும், வழியவும் கூடாது. அதனால் அண்ணன் மோவாயை நிமிர்த்தி, கீழ் உதட்டைத் தட்டு மாதிரி நீட்டி, வானத்தைப் பார்த்துத்தான் பேசுவார். ஏர்போர்ஸ் விமானம் எதுவோ போகிறது போல என்று கூட நிற்பவர்களும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.

"வாயில என்னண்ணே?" என்று கேட்டால் ஏலக்காய் என்பார். ஏலம் விடுகிறவன் ஏலக்காய் போடாமல் வேறு யார் போடுவது என்று ஒரு விளக்கம் வேறு. ஆனால் வாய் நிறைய மாவாவை வைத்துக்கொண்டு ஏலக்காய் என்று சொன்னால், அது "ஏ... அக்கா" என்றுதான் வரும். சபைக்குப் புதிதாக வந்த ஒரு நர்ஸம்மா, அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர், இதைக் கேட்டு இரண்டு ஞாயிறு அவரிடம் பேசவில்லை.

அவர் பேச்சில் பாதி எழுத்து காணாமல் போய்விடும். த, ர, ல, ன எல்லாம் மாவாவோடு கரைந்துவிடும். மிச்சமிருப்பதை வைத்து நாம்தான் ஒப்பேற்றிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எனக்கு மட்டுமில்லை, சபைக்கே பழகிவிட்டது. ஸ்தோத்திரப் பண்டிகை, வாலிபர் கூட்டம், கல்யாண வீடு என்று மைக் அவர் கையில்தான் இருக்கும். "ஓஉ அஅம்" என்றால் ஒரு தரம் என்று சின்னப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அவருடைய பெரிய வித்தை ஒரு தரத்திலும் இல்லை, மூணு தரத்திலும் இல்லை. நடுவில்தான். ரெண்டு தரம் சொல்லி முடிக்கும்போது வாய் நிரம்பிவிடும். உடனே ஒரு விரலைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டு, மைக்கை என் சட்டைப்பையில் சொருகிவிட்டு, காம்பவுண்டு மூலையில் இருக்கும் பாதாம் மரத்துக்குப் பின்னால் போவார். துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு ஆற அமரத் திரும்பி வருவார். அதுவரைக்கும் நான் பூசணிக்காயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே வைக்கக்கூடாது. வைத்தால் விலையும் இறங்கிவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

அந்த இடைவெளியில்தான் ஜனங்களுக்குள் பிசாசு புகும். இவ்வளவுக்குப் போய் விட்டுக்கொடுப்பதா என்று ஒருவர் கையைத் தூக்குவார். எதிர் ஃப்ளாட்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டால் லிஃப்டில் எப்படி முகத்தைப் பார்ப்பது என்று இன்னொருவர் தூக்குவார். அண்ணன் திரும்பி வரும்போது பூசணி எங்கேயோ போயிருக்கும். என் தோள்பட்டையும்தான். சபைப் பொருளாளர், அது வியாபார தந்திரம் என்று கடைசிவரை நம்பினார். அது வெறும் எச்சில் என்று எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அக்கா என்றால் அவர் மனைவி. செலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிகம் பேசமாட்டார். ஏலக்காரன் வீட்டு ஆளே விலை கேட்டால் ஜனம் சந்தேகப்படும் என்று அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்ததால், அக்கா எந்த ஏலத்திலும் கையைத் தூக்கினதில்லை. கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் ஒரு ஜோடிப் புறாவை ஆசையாகப் பார்த்தார். அண்ணன் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு வேறொருவருக்கு மூணு தரம் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவருக்கு வீட்டில் உப்புமாதான்.

பாதாம் மரத்தடி செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டதைப் பார்த்து, ஐயர் கமிட்டியில் வருத்தப்பட்டார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இங்கே எச்சில் துப்பாதீர்கள் என்று ஒரு போர்டு வைப்பதென்று தீர்மானம் ஆயிற்று. கட்டட வேலைகளுக்கு அண்ணன்தான் பொறுப்பு. அவரே போர்டு எழுதி வாங்கிவந்து, வாய் நிறைய மாவாவோடு, மரத்தில் ஆணி அடித்தார். கடைசி ஆணி இறங்கும்போது வாய் நிரம்பிவிட்டது. துப்பத் திரும்பினால் கண்ணுக்கு நேரே போர்டு, பக்கத்தில் ஐயர். வேறு வழியில்லாமல் விழுங்கிவிட்டார். அன்று சாயங்காலம் முழுக்க விக்கல். ஐயர் பாவம், விஷயம் தெரியாமல் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். அடுத்த நாளிலிருந்து அண்ணன் போர்டுக்குப் பின்பக்கமாகத் துப்ப ஆரம்பித்தார்.

பிறகு ஒரு தடவை சபை ஹாலில் பல் மருத்துவ முகாம் வைத்தோம். வரிசையை ஒழுங்குபடுத்தியது அண்ணன்தான். "வெக்கப்படாம வாயத் தொறந்து காட்டுங்க, டாக்டரம்மா இன்னா கடிக்கவா போறாங்க" என்று எல்லோரையும் விரட்டினார். முகாம் முடிகிற நேரத்தில், பல் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், "அங்கிள், நீங்க மட்டும் காட்டலையே" என்றது.

"எனக்கு எல்லாம் ஒரிஜினல் பல்லும்மா."

"பரவால்ல அங்கிள். மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விட்டுப் பாருங்க."

நாங்களும் சும்மா விட்டுப் பார்த்தோம். எங்களுக்குப் போயிற்று. அண்ணனுக்கு ஒரு விரல் போயிற்று, இரண்டாவது பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. "என் விரலு கொஞ்சம் தடிமன்மா" என்று சமாளித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்துக்குள் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, வாய் இறுகிக்கொண்டு வருகிறது, புகையிலையை இன்றோடு விட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம், "சின்னப் பொண்ணு. பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் என் வாயில தெரியுது அதுக்கு" என்றார். எனக்கும் அது நல்ல ஜோக்காகத்தான் பட்டது.

அடுத்த வருஷம் அசனத்தில், அதாவது சபை விருந்தில், அண்ணன் மட்டன் குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டார். மறுபடி மறுபடி குழம்பு வாளியை வழிமறிக்கிற மனிதர். அக்கா கடைசி வரிசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் ரசம்கூட எரிகிறது என்று அவர் தள்ளிவைத்தது அக்காவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. அக்காதான் அவரைச் சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆறாத புண், இனி ஒரு நாள் தாமதித்தாலும் தப்பு என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பல் குத்தியதால் வந்த புண் என்று அண்ணன் சாதித்தார். பண்டிகை முடியட்டும் பார்க்கலாம் என்றார். பண்டிகைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"நாளைக்குக் காலைல நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா, ஏல மைக்கை ஹெட்மாஸ்டர்கிட்ட குடுக்கச் சொல்லி ஐயர்கிட்ட சொல்லிடுவேன்."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியர்தான் ஏலத்தின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண் வைத்திருந்தவர். மறுநாள் முதல் ரயிலுக்கே அண்ணன் தாம்பரம் ஸ்டேஷனில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றார். மரண பயத்தால் அசையாத மனிதர் மைக் பயத்தால் கிளம்பினார்.

புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷனில் உள்கன்னத்தையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் நாக்கின் ஓரத்தையும் எடுத்தார்கள். கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஓட்டையை மூட நெஞ்சிலிருந்து சதையைக் கொண்டுவந்து வாய்க்குள் தைத்தார்கள். நான் பார்க்கப் போன அன்று முகம் ஒரு பக்கம் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் அக்கா ஊசிக்குழலால் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தார். பாத்ரூம் போவதுபோலப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்திருந்தாள். அண்ணன் ஏதோ சொன்னார். அவள் குனிந்து கேட்டாள், புரியவில்லை. நான் எழுந்து ஃபேனைக் குறைத்தேன்.

"சார், அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ஃபேனைக் குறைன்னார்."

அவள் சந்தேகத்தோடு, வேறு ஏதாவது சொல்லச் சொன்னாள். அண்ணன் நீளமாக ஒன்று சொன்னார். அக்கா சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணு நம்ம நர்ஸம்மா மாதிரியே முறைக்குது பாருன்னு சொல்றார்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாக்கில் இவ்வளவு போனபிறகு வீட்டு ஆட்களுக்குப் புரியவே மாதக்கணக்கில் ஆகுமே, எப்படி என்றாள்.

"மேடம், எங்களுக்கு ரொம்ப வருஷமா இந்த ட்ரெய்னிங் இருக்கு" என்றேன்.

ஆனால் அவள் விடவில்லை. உங்களுக்குப் புரிந்தால் போதாது, பஸ் கண்டக்டருக்குப் புரிய வேண்டும், மருந்துக்கடைக்காரருக்குப் புரிய வேண்டும் என்றாள். உதட்டில் பிறக்கிற எழுத்துகள் சுலபமாம். ம, ப, வ எல்லாம் வந்துவிடும். நாக்கு நுனி வேண்டிய த, ர, ன கஷ்டமாம். முதலில் எந்த வார்த்தை சரியாக வரவேண்டும் என்று அவரிடமே கேட்டாள். எல்லோரும் பெண்டாட்டி பேரையோ பிள்ளை பேரையோ சொல்வார்கள் போலிருக்கிறது. இவர் தரம் என்றார். தரம் கஷ்டம் சார், வேற ஏதாவது சொல்லுங்களேன் என்று அவள் கெஞ்சினாள். இவர் மறுபடியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

பிறகு கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வோம். அதில் வாய் வெந்து, ருசி போய், எச்சிலே வற்றிவிட்டது. ஊரையெல்லாம் துப்பி நனைத்த மனிதருக்கு இப்போது துப்ப ஒரு சொட்டு இல்லை. எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில். வாய் மறுபடி இறுகிவிடாமல் இருக்க, பல்லுக்கு நடுவில் ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொஞ்சம் பழகினதும் இன்னொரு குச்சி சேர்க்க வேண்டும். தெருவில் குல்ஃபி சாப்பிடுகிற பிள்ளைகளிடமெல்லாம் குச்சியைக் கேட்டு வாங்குவார். வேதனையில் கண்ணில் தண்ணீர் வழியும். ஆனாலும் ஒரு குச்சி கூடுதலாகப் போன அன்று எனக்குப் போன் வரும்.

அந்த வருஷப் பண்டிகையில் ஹெட்மாஸ்டர்தான் ஏலம் விட்டார். நல்ல மனிதர், உச்சரிப்பு சுத்தம். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று டிக்டேஷன் கொடுப்பதுபோல ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பிசாசு செருப்பைக் கழற்றுவதற்குள் பொருள் போய்விட்டது. டீ கொதிப்பதற்குள் ஏலம் முடிந்தது. பெரிய பூசணியைக் கேட்க ஆளில்லாமல் ஐயரே பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டார். என் தோள்பட்டை வலிக்கவே இல்லை. அதற்காக அவ்வளவு வருத்தப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

மறுவருஷத்துக்குள் ஐயர் மாற்றலாகிப் புது ஐயர் வந்திருந்தார். ஏலக்காரர் மைக் கேட்கிறார் என்றதும் தயங்கினார். விருந்தாளிகள் வருவார்கள், யாருக்காவது புரியாமல் சிரித்துவிட்டால் அவர் மனது நோகுமே என்று நியாயமாகத்தான் யோசித்தார். அக்கா கடைசி நாற்காலியில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர்தான் எழுந்துபோய் மைக்கை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "எனக்கு இது வரலை சார், நீங்களே பாருங்க" என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய உச்சரிப்பை நான் மன்னித்துவிட்டேன்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். தாடை ஒரு பக்கம் உள்வாங்கி, கழுத்தில் தழும்பு ஓடி, பழைய முகமே இல்லை. ஆனால் மோவாய் மட்டும் பழக்க தோஷத்தில் தானாக மேலே போயிற்று. புதிதாக வந்திருந்த ஒன்றிரண்டு பேர் வானத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் நெஞ்சத் தொட்டுப் பேசுவாங்க. எனக்கு நெஞ்சே வாய்க்குள்ள கீது. அதனால இன்னிக்கு நான் சொல்றது எல்லாம் நெஞ்சுல இருந்து வர்றதுதான்" என்றார். எழுத்து பாதிதான் வந்தது. ஆனால் ஜனம் முழுசாகச் சிரித்தது. புதியவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அர்த்தம் சொன்னார்கள்.

வாழைத்தார் போயிற்று, கோழி போயிற்று. கடைசியில் பெரிய பூசணி. நான் தூக்கினேன். விலை ஏறி ஒரு இடத்தில் நின்றது.

"ஒயு தயம்" என்றார். முந்தின காலத்து "ஓஉ அஅம்"மைவிட இது எவ்வளவோ தெளிவு. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் கேட்டிருக்க வேண்டும்.

"எண்டு தயம்."

அப்புறம் ஒரு விரலைத் தூக்கினார். மைக்கை என் சட்டைப்பையில் சொருகினார். பாதாம் மரத்தை நோக்கி நடந்தார்.

கூட்டம் அப்படியே நின்றது. மறுபடி மாவாவை ஆரம்பித்துவிட்டாரா? அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மரத்துக்குப் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது, உயரம் அதற்காவது உதவியது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல். நான் திரும்பி அக்காவைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்ட முடியாமல், பூசணிக்காயையே இரண்டு தடவை ஆட்டிக் காட்டினேன். அதை ஏதோ சைகை என்று நினைத்து மூன்றாவது வரிசையில் ஒருவர் விலையை ஏற்றினார். எதிர் ஃப்ளாட்காரர் விடுவாரா? அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பூசணி பழையபடி எங்கேயோ போயிருந்தது. "மூணு தயம்!" என்றார். என் தோள்பட்டை கழன்றே போயிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வலியையும் பட்டதில்லை.

அதற்குப் பிறகும், ஓசூரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கும்வரை அவர்தான் ஏலம் விட்டார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அன்று சாயங்காலம்தான் ஞாபகம் வரும். எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். புது ஐயர் எங்களோடு நின்றார். அக்கா கேட் பக்கம் ஆட்டோ பிடித்துக்கொண்டு, மாத்திரை நேரமாயிற்று என்று கையைக் காட்டினார்.

"தண்ணி குடிக்கிறதுக்கா அண்ணே அவ்வளவு நேரம்? உசுரே போயிடுச்சு எனக்கு. இங்கயே குடிச்சிருக்கலாம்ல?" என்றேன்.

அண்ணன் மோவாயை நிமிர்த்தினார். நிமிர்த்தி, எச்சில் வற்றிப்போன வாயால் மெதுவாகச் சொன்னார்:

"அந்த கேப் வேணும் தம்பி. எனக்கே மேல இருக்கிற ஏலக்காரரு ரெண்டு தரம் சொல்லிட்டாரு. மூணாவது சொல்றதுக்கு முன்னாடி அவரு கொஞ்சம் வெளிய போனாரு பாரு, அந்த கேப்ல உங்க அக்கா கையத் தூக்கிட்டா. இந்த ஓட்டப் பூசணிய வேற யாரு கேப்பா?"

சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார். அக்கா தூரத்தில் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றார்.

"என்ன சொல்லிட்டுப் போறார்?" என்று புது ஐயர் என்னைக் கேட்டார்.

நான் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டேன். "எனக்கே புரியலைங்கய்யா" என்றேன். அண்ணன் பேசியது புரியவில்லை என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.